ஒருத்தருக்கு ஒரு டேபிள்

சென்னையில் எந்த ஹோட்டலுக்குள் நுழைந்தாலும் முதலில் வரும் கேள்வி, "எத்தனை பேர்?" நான் எப்போதும் சொல்லும் பதில், "ஒருத்தர்." உடனே அடுத்த கேள்வி: "பார்சலா மேடம்?"

"இல்லைங்க. உட்கார்ந்துதான் சாப்பிடப் போறேன்."

மேற்கு மாம்பலத்தில் தனியாக வீடெடுத்துக் குடியிருக்கிறேன். வேலைக்குப் போகிறேன். கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றி எனக்கு அவசரமும் இல்லை. சாயங்காலம் ஆனால் அன்றைக்கு நாக்கு எதைக் கேட்கிறதோ அதைத் தேடிப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வருவேன். ஊரிலிருந்து போன் செய்கிற அத்தைக்கு மட்டும் இது தாங்கவே தாங்காது. "தனியாவாடி உட்கார்ந்து சாப்பிடுவே? பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?" என்பார். பார்க்கிறவர்கள் அவரவர் தட்டைத்தான் பார்க்கிறார்கள் அத்தை, சட்னி தீர்ந்துபோனால் சர்வரைப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான்.

தனியாகச் சாப்பிடுவதில் இருக்கிற சுகத்தை யாராவது உரக்கச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாகத் தோன்றிக்கொண்டிருந்தது. நாலு பேராகப் போனால் ஒருவருக்கு ரவா தோசை வர நேரமாகும். மற்ற மூன்று பேரும் மரியாதைக்காகக் காத்திருப்பார்கள். அதற்குள் நெய் ரோஸ்ட் தளர்ந்து, பொங்கல் இறுகி, வடை ஆறிவிடும். தனியாகப் போனால் தோசை தட்டில் விழுந்த நொடியிலேயே அந்த மொறுமொறு ஓரத்தை உடைத்து வாயில் போட்டுக்கொள்ளலாம். காபி நுரை அடங்குவதற்குள் முதல் வாய் குடித்துவிடலாம். "நீ என்ன சொல்றே, நான் என்ன சொல்றேன்" என்று மெனு கார்டை ஆளாளுக்குச் சுற்றவிட வேண்டியதில்லை.

காதுக்கும் விருந்து உண்டு. பெண் பார்த்துவிட்டு நேராக ஹோட்டலுக்கு வந்த குடும்பம் பக்கத்து டேபிளில் போண்டா சாப்பிட்டுக்கொண்டே பெண்ணின் உயரத்தை விவாதித்ததைக் கேட்டிருக்கிறேன். மாப்பிள்ளைப் பையன் கடைசியில் வாயைத் திறந்து, "எனக்குப் பிடிச்சிருக்கும்மா" என்று மெதுவாகச் சொன்னான். எழுந்துபோய் அவனிடம் வாழ்த்துச் சொல்லலாமா என்றிருந்தது எனக்கு.

*

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு. தனியாக வருகிற பெண்ணை எங்கே உட்கார வைக்கிறார்கள் என்பதில். கை கழுவும் இடத்துக்குப் பக்கத்து மூலை, சமையலறைக் கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இடிக்கிற நாற்காலி, ஏசி காற்று எட்டாத தூணுக்குப் பின்பக்கம். பெரிய ஹோட்டல் ஒன்றில் ஜன்னலோரம் நாலு டேபிள் காலியாக இருந்தும், "அது ஃபேமிலிக்கு மேடம்" என்றார்கள். "நானும் ஃபேமிலிதான். ஒரு ஆள் ஃபேமிலி" என்றேன். மேனேஜர் சிரித்துவிட்டார், டேபிளும் கிடைத்தது. இப்போதெல்லாம் எங்கே போனாலும் எனக்கு வேண்டிய இடத்தை நானே கையைக் காட்டிச் சொல்லிவிடுகிறேன். வெளிச்சம் வேண்டும், தெரு தெரிய வேண்டும், முதுகுக்குப் பின்னால் சுவர் வேண்டும்.

இந்த ஊரின் சாப்பாட்டு ஏற்பாடெல்லாம் யாருக்காக உருவானது என்று யோசித்தால் மூலை நாற்காலி எங்கிருந்து வந்தது என்பது புரியும். திருவல்லிக்கேணி மேன்ஷன்களை எடுத்துக்கொள்ளுங்கள். வேலை தேடியும் படிக்கவும் சென்னைக்கு வந்த கல்யாணமாகாத ஆண்கள், ஒரு கட்டில், ஒரு அலமாரி, கொடியில் ஒரு துண்டு. அவர்களுக்குச் சோறு போடவே சந்துக்குச் சந்து மெஸ் வந்தது. அக்பர் சாகிப் தெருவில் இருக்கும் காசி விநாயகா மெஸ்ஸில் டோக்கன் வாங்கிக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும், முறை வந்தால் உள்ளே போய் இலை முன்னால் உட்காரலாம். எவ்வளவு நல்ல ஏற்பாடு! தனியாள் ஒருவன் நல்ல சாப்பாடு சாப்பிட வேண்டும் என்று ஒரு பேட்டையே அக்கறைப்பட்டிருக்கிறது. தனியாக வந்த பெண்ணுக்கு அப்படி ஒரு பேட்டை உருவாகவில்லை. அவளுக்கு ஹாஸ்டல் சாப்பாடு. இல்லாவிட்டால் ஹோட்டலில் திரை போட்ட ஃபேமிலி ரூம், அதுவும் கூட யாராவது வந்தால்.

யார் எங்கே உட்காரலாம் என்பது இந்த ஊரில் எப்போதுமே பெரிய விஷயம்தான். அதே திருவல்லிக்கேணியில் 1957-ல் முரளி கஃபே வாசலில் பெரியார் போராட்டம் நடத்தினார், பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி. மாதக்கணக்கில் நடந்தது, தொண்டர்கள் தினமும் மறியல் செய்து கைதானார்கள். சாப்பிடும் இடத்தின் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்காக மனிதர்கள் சிறைக்குப் போன ஊர் இது. என் ஜன்னலோர டேபிள் அத்தனை பெரிய விஷயமில்லை. ஆனால் கேட்டு வாங்கும்போது அந்தச் சரித்திரம் எனக்கு நினைவிருக்கும்.

என் பெரியம்மா மவுண்ட் ரோடில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்துதான் ரிட்டயர் ஆனார். சம்பள நாளன்று மட்டும் அவரும் கூட வேலை பார்த்த பெண்களும் சேர்ந்து உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னுக்குப் போவார்களாம். 1962-ல் திறந்த இடம் அது. காரிலேயே உட்கார்ந்தால் கதவில் தட்டை மாட்டிவிட்டுப் போவார்கள். கார் இல்லாதவர்கள் உள்ளே போய் மரத்தடி நிழலில் ஒரு காபியை வைத்துக்கொண்டு மணிக்கணக்காகப் பேசலாம், யாரும் எழுந்திருக்கச் சொல்ல மாட்டார்கள். 2008-ல் மூடிவிட்டார்கள், 2010-ல் அந்த இடத்தில் செம்மொழிப் பூங்கா வந்தது. பெரியம்மாவிடம், "நீங்க ஒரு தடவையாவது தனியாப் போயிருக்கீங்களா?" என்று கேட்டேன். "அதெப்படி தனியாப் போறது?" என்றார். கேள்வியே அவருக்குப் புரியவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் சம்பாதித்த பெண்மணி, சொந்தக் காசில் ஒரு மசால் தோசையைத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவரை ரத்னா கஃபேவுக்குக் கூட்டிப்போய்த் தனி டேபிளில் உட்கார வைத்தேன்.

ரத்னா கஃபே 1948-லிருந்து திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் இருக்கிறது. அங்கே இட்லிக்கு சாம்பாரைக் கிண்ணத்தில் வைப்பதில்லை. தட்டிலிருக்கும் இட்லி மேலேயே சாம்பாரை ஊற்றுவார்கள், இட்லி நனைந்து, பிறகு மூழ்கி, தட்டு விளிம்பு வரைக்கும் வரும். குடித்து முடித்தால் மறுபடி வருவார்கள். கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் மல்லி வாசனை, அதிகப் புளிப்பில்லாத சாம்பார். ஸ்பூனால் இட்லியை வெட்டினால் உள்ளே வரைக்கும் மஞ்சள் ஏறியிருக்கும். பெரியம்மா சாம்பார் ஊற்றியவரிடம், "இன்னும் கொஞ்சம் விடுப்பா" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, "இது ஒண்ணும் கஷ்டமில்லையேடி" என்றார்.

தனியாகப் போகிறவர்களுக்கு டேபிள் ஷேர் செய்கிற பழைய ஹோட்டல்கள்தான் சொர்க்கம். முன்பின் தெரியாதவர் எதிரில் வந்து உட்காருவார். "சர்க்கரை கொஞ்சம் தள்ளுங்களேன்" என்பதற்கு மேல் பேச்சு இருக்காது. சில சமயம் இருக்கும். வயதான ஒரு தாத்தா, நான் பூரியைக் கிழங்கோடு சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, "பாதியைச் சட்னியோட சாப்பிட்டுப் பாரும்மா" என்று சிபாரிசு செய்தார். செய்து பார்த்தேன். அவர் சொன்னது சரி.

*

ஞாயிற்றுக்கிழமை காலை மயிலாப்பூர். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கிற பேச்சே கிடையாது.

அருண்டேல் தெருவில் ஒரு குறுகலான சந்துக்குள் இருக்கிறது ராயர் மெஸ். உள்ளே சில பேர்தான் உட்கார முடியும், மற்றவர்கள் சந்தில் நிற்க வேண்டும். நீதிபதியோ, ஆட்டோக்காரரோ, தனியாக வந்த நானோ, முறைப்படிதான். அதனால்தான் எனக்கு அந்த இடம் அவ்வளவு பிடிக்கும். நாலு பேர் குடும்பம் எனக்குப் பின்னால் நின்றால், ஒரு இடம் காலியானதும் என்னைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். தனியாளாக இருப்பது லாபமாகிற அபூர்வமான இடம். இட்லி, பொங்கல், வடை, அதோடு கெட்டிச் சட்னி. அந்தச் சட்னி தட்டில் வைத்தால் ஓடாது, நிற்கும். பச்சை மிளகாய்க் காரம் முதலில் தெரியாது, இரண்டாவது வாயில்தான் காதோரம் சூடேறும். அப்போது வடையை ஒரு கடி கடித்துக்கொள்ள வேண்டும்.

அங்கே கூட்டம் அதிகமென்றால் பொன்னம்பல வாத்தியார் தெரு ஜன்னல் கடை இருக்கவே இருக்கிறது. பெயருக்கு ஏற்ற மாதிரி வீட்டு ஜன்னல்தான் கடை. கம்பிக்கு இடையில் காசை நீட்டினால் தட்டு வெளியே வரும், தெருவில் நின்றே சாப்பிட வேண்டும். உட்கார வேண்டும் என்றால் கிழக்கு மாட வீதி கற்பகாம்பாள் மெஸ். முடித்துவிட்டு காளத்தி கடையில் ஒரு ரோஸ் மில்க். சில்லென்ற அந்த டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, காய்கறி வாங்குகிற மாமிகளையும் பூ கட்டுகிற அம்மாக்களையும் பார்த்துக்கொண்டு நின்றால் ஒரு வாரத்துக்குத் தேவையான தெம்பு வந்துவிடும்.

இங்கே மினி டிபன் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போகமுடியாது. ஒரே தட்டில் சின்னதாக ஒரு தோசை, கொஞ்சம் சாம்பார் இட்லி, ஒரு கரண்டி பொங்கல், கேசரி, கூடவே காபி. தனியாகச் சாப்பிட வருகிறவர்களுக்குக் கிடைத்த பெரிய கொடை இது. நாலு பேர் சேர்ந்து வந்தால் நாலு ஐட்டம் வாங்கிப் பகிர்ந்துகொள்வார்கள், தனியாள் எப்படி நாலையும் ருசி பார்ப்பது? யார் முதலில் யோசித்தாரோ, அவருக்கு என் நமஸ்காரம். பிரியாணிக் கடைகளும் பரோட்டாக் கடைகளும் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும். அரை பிளேட் பிரியாணி இந்த ஊரில் சில கடைகளில்தான் கிடைக்கிறது. முழு பிளேட் வாங்கினால் பாதி மறுநாள் மத்தியானத்துக்கு. பிரியாணி என்பதால் அதில் குறையில்லை, ஆனால் ஃபிரைடு ரைஸுக்கும் நூடுல்ஸுக்கும் அந்த யோகம் கிடையாது.

*

என் வீட்டு ஓனர் நல்ல மனிதர். ஒரே ஒரு நிபந்தனை: வீட்டில் அசைவம் சமைக்கக் கூடாது. தனியாக இருக்கிற பெண்ணுக்கு வீடு கொடுக்க ஒருவர் சம்மதித்ததே பெரிய விஷயம் என்று சுற்றி இருந்தவர்கள் சொன்னார்கள். "ஃபேமிலிக்கு மட்டும்", "பேச்சிலர்ஸ் கிடையாது" என்ற பலகைகளைத் தாண்டித் தாண்டித்தான் இந்த வீடு கிடைத்தது. நான் கடலோர ஊர்க்காரி. மீன் இல்லாமல் வாரம் போகாது. அதனால் மீனுக்காக நகரத்தைச் சுற்ற ஆரம்பித்தேன், சென்னையை எனக்குக் காட்டியதே அந்த நிபந்தனைதான்.

சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக்குப் பக்கத்தில் நாயர் மெஸ். சோறு, மீன் குழம்பு, தனியாக ஒரு வஞ்சிரம் வறுவல். வறுவலின் மேல் மசாலா கறுப்பாக மொறுமொறுத்திருக்கும், விரலால் பிட்டால் உள்ளே வெள்ளைச் சதை ஆவியோடு விரியும். மத்தியானம் ஒன்றரை மணிக்குப் போனால் நிற்க இடமிருக்காது. சுற்றி இருப்பவர்களில் ஆண்கள்தான் அதிகம். முதலில் எல்லாரும் ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார்கள், பிறகு அவரவர் மீன் முள்ளுக்குத் திரும்பிவிடுவார்கள். பரிமாறுகிறவர் சோறு போடும்போது, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோம்மா" என்று ஒரு கரண்டி கூடவே வைப்பார். அந்த ஒரு கரண்டியை நான் மறுத்ததில்லை.

சாயங்காலம் என்றால் பாரிமுனைப் பக்கம், பர்மா பஜாருக்குப் பின்னால் இரண்டாவது கடற்கரைச் சாலை. அத்தோ கடைகள். 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, கடைகளும் தொழில்களும் அரசுடைமையான பிறகு, அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறி இங்கே வந்தார்கள். கொண்டுவர முடிந்தது கொஞ்சம்தான். சமையல் கூடவே வந்தது. தள்ளுவண்டியில் ஆரஞ்சு நிற நூடுல்ஸை ஒரு கிண்ணத்தில் போட்டு, நறுக்கிய முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், மிளகாய்த் தூள், புளித் தண்ணீர் எல்லாம் சேர்த்துக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். மேலே நொறுக்கிய பேஜோ என்கிற மொறுமொறு வடை. பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். அவித்த முட்டையைக் கீறி உள்ளே பொரித்த வெங்காயமும் பூண்டும் திணித்து ஒன்று தருவார்கள், அதை ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். பாதியாகக் கடித்தால் எண்ணெய் சட்டையில்தான். தள்ளுவண்டி முன்னால் எல்லாரும் நின்றுதான் சாப்பிடுகிறார்கள். எத்தனை பேர் என்று யாரும் கேட்பதில்லை, எத்தனை பிளேட் என்றுதான் கேட்கிறார்கள்.

*

தினமும் வெளியே சாப்பிடுவதில்லை. வீட்டில் சமைக்கவும் எனக்குப் பிடிக்கும். ஒரு ஆளுக்குச் சமைப்பதில் சிரமம் சமையல் இல்லை, காய் வாங்குவதுதான். சாம்பாருக்கு அரை முருங்கைக்காய், ஒரு கத்தரிக்காய், இரண்டு துண்டு பூசணி எந்தக் கடையில் கொடுப்பார்கள்? மாம்பலம் ரயில் நிலையத்தில் கொடுக்கிறார்கள்.

மின்சார ரயிலிலிருந்து இறங்கி ரங்கநாதன் தெருப் பக்கம் வந்தால், தரையில் சாக்கு விரித்து அக்காக்கள் உட்கார்ந்திருப்பார்கள். எதிரில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பைகள். சாம்பார் காய் ஒரு பை, அவியல் காய் ஒரு பை, பொடிப்பொடியாக நறுக்கிய வாழைத்தண்டு, நரம்பெடுத்த வாழைப்பூ, உரித்த பட்டாணி, உரித்த சின்ன வெங்காயம், சீசனில் மொச்சை. வாழைப்பூவை ஆய்ந்து கொடுத்தவர்களைத் தெய்வம் காப்பாற்றட்டும். அலுவலகம் விட்டு ஏழு மணிக்கு வருகிற பெண் வாழைப்பூவில் ஒவ்வொரு இதழாகப் பிரித்து நரம்பெடுத்துக்கொண்டிருந்தால் சாப்பாடு பத்து மணிக்குத்தான். ஒரு அக்கா பேச்சுக் கொடுத்துக்கொண்டே அரிவாள்மணையில் வாழைத்தண்டை வட்டமாகச் சீவி, ஒவ்வொரு வட்டத்திலும் வருகிற நாரை விரலில் சுற்றிக்கொண்டே போவார். பார்வை வருகிற போகிற ஆட்கள் மேல் இருக்கும், விரல் கத்தியின் மேல் படாது. "எத்தனை பேருக்கும்மா?" என்று அவரும் கேட்பார். ஒருத்தர் என்றால் அதற்குத் தகுந்த பையை எடுத்துக் கொடுத்து, மேலே ஒரு கொத்து கறிவேப்பிலை கொசுறு போடுவார். மாவுக் கடையில் அரை லிட்டர் தோசை மாவு, மளிகைக் கடையில் அரை மூடி தேங்காய். இந்த நகரம் தனியாளுக்கு எவ்வளவு தயாராக இருக்கிறது என்று பெரிய கடைகளில் தெரியாது, பிளாட்பாரத்தில் தெரியும்.

ஆன்லைனில் ஆர்டர் செய்வதைப் பற்றியும் கேட்பீர்கள். மழை நாளிலும் காய்ச்சல் நாளிலும் செய்வேன். மற்ற நாட்களில் அந்தப் பெட்டிக்குள் வியர்த்துப்போய் வருகிற தோசையை என்னால் தோசை என்று ஒத்துக்கொள்ள முடியாது.

வெளியே போகச் செலவு என்று முன்பு ஒரு தயக்கம் இருந்தது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதைத் தினமும் பேருந்தில் போகிற பெண்ணிடம் கேளுங்கள். ஒரு காபிக்காக பெசன்ட் நகர் வரைக்கும் போய்வரலாம், போகிற வழியில் மனம் மாறினால் அடையாறில் இறங்கிக்கொள்ளலாம். ஆட்டோவுக்குப் போகிற பணம் இப்போது அல்வாவுக்குப் போகிறது.

மாத முடிவில் அம்மா உணவகம். 2013-ல் தொடங்கியபோது இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய் என்று வைத்தார்கள். சமைப்பது, டோக்கன் கொடுப்பது, பரிமாறுவது எல்லாம் சுய உதவிக் குழுப் பெண்கள். அதனாலேயோ என்னவோ, அங்கே தனியாகப் போய் நிற்கும்போது எந்தக் கூச்சமும் வருவதில்லை. சாம்பார் சாதம் பரவாயில்லை. தயிர் சாதம் நன்றாக இருக்கும்.

டீக்கடை மட்டும் இன்னும் பாக்கி. நம் ஊர் டீக்கடை வாசலில் பெண் ஒருத்தி தனியாக நின்று கண்ணாடி கிளாஸில் டீ குடித்தால் இன்றைக்கும் நாலு தலை திரும்பும். ஆனால் தரமணிப் பக்கம் போய்ப் பாருங்கள். 2000-ல் டைடல் பார்க் வந்து, பழைய மகாபலிபுரம் சாலை முழுக்க ஐடி கம்பெனிகள் வந்த பிறகு, கழுத்தில் அடையாள அட்டையோடு பெண்கள் தனியாகவும் கூட்டமாகவும் டீக்கடை வாசலில் நிற்பது அங்கே சாதாரணம். ஒரு கையில் டீ, ஒரு கையில் சமோசா. மாஸ்டர் பாட்டுக்கு ஆற்றிக்கொண்டிருக்கிறார். பத்து இருபது வருஷத்தில் ஒரு சாலையில் இது நடந்திருக்கிறது என்றால் மற்ற சாலைகளிலும் நடக்கும்.

*

எனக்கு மிகப் பிடித்த இடத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். மார்கழி சபா கேன்டீன்.

டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரைக்கும் மியூசிக் அகாடமி, நாரத கான சபா என்று ஒவ்வொரு சபாவிலும் கச்சேரியோடு கேன்டீனும் களைகட்டும். மத்தியானக் கச்சேரிகளுக்குப் பெரும்பாலும் டிக்கெட் கிடையாது. இளம் பாடகர்கள் பாடுவார்கள், உள்ளே போய் ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு கேன்டீனுக்கு வந்தால் கீரை வடை, அடை அவியல், சேவை, வாழைப்பூ வடை, காசி அல்வா. இலை போட்டுச் சாப்பாடும் உண்டு. கச்சேரிக்குள்ளேயே நுழையாமல் சாப்பாட்டுக்காக மட்டும் வருகிறவர்களும் உண்டு. அவர்களையும் நான் முழு மனதோடு வரவேற்கிறேன்.

நீளமான மேஜை, பக்கத்தில் பக்கத்தில் நாற்காலி. அங்கே உட்கார்ந்து சுற்றிப் பார்த்தால் ஒன்று தெரியும். அறுபது, எழுபது வயதுப் பெண்மணிகள் தனியாக வந்திருக்கிறார்கள். பட்டுப் புடவை, ஸ்வெட்டர், தோளில் துணிப்பை, அதற்குள் சீசன் கச்சேரிப் பட்டியல் அச்சடித்த புத்தகம், அதில் பேனாவால் போட்ட டிக். கணவர் காலமானவர்கள், கல்யாணமே செய்துகொள்ளாத டீச்சர்கள், பிள்ளைகள் அமெரிக்காவில் இருப்பவர்கள். யாரும் அவர்களை மூலையில் உட்கார வைப்பதில்லை. "அவியல் இன்னும் கொஞ்சம்" என்று குரல் கொடுத்துக் கேட்டு வாங்குகிறார்கள். அடையில் காரம் போதாது என்று கேட்டரிங்காரரையே கூப்பிட்டுச் சொல்கிறார்கள். அவரும் பவ்யமாகத் தலையாட்டுகிறார்.

போன சீசனில் பக்கத்து நாற்காலியில் ஒரு மாமி. என் இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யாரோட வந்திருக்கே?"

"தனியாத்தான் வந்தேன் மாமி."

"நல்லதாப் போச்சு. எழுந்து போகணும்னா எழுந்து போகலாம், இன்னொரு கச்சேரி கேட்கணும்னா கேட்கலாம். நான் இருபது வருஷமா தனியாத்தான் வரேன்." சொல்லிவிட்டு என் இலையில் இருந்த அக்காரவடிசலைக் காட்டினார். "அதை முதல்ல சாப்பிடு, ஆறினா நெய் உறைஞ்சுடும்."

இந்த ஊரில் தனியாகச் சாப்பிடும் பெண்களுக்கு ஒரு பரம்பரை இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது அங்கேதான். மெஸ்களும் மேன்ஷன்களும் அவர்களுக்கு இடம் வைக்கவில்லை, ஆனால் மார்கழி மாதம் வந்தால் அவர்கள் அந்த நீள மேஜையைப் பிடித்துக்கொண்டுவிடுகிறார்கள். என் பெரியம்மாவுக்கு அந்த மாமியை அறிமுகப்படுத்த வேண்டும் என்று இந்த வருஷம் சீசன் டிக்கெட்டே எடுத்திருக்கிறேன்.

உட்காரும் இடத்துக்கே திரும்பி வருகிறேன். 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று விதி செய்தார்கள். நாள் முழுக்க நின்றுகொண்டே புடவை விரித்துக் காட்டும் பெண்களுக்கு ஒரு ஸ்டூல் கிடைக்க ஒரு சட்டம் தேவைப்பட்டது. ஹோட்டல் டேபிளுக்குச் சட்டமெல்லாம் தேவையில்லை, முதலாளிகள் மனம் வைத்தால் போதும். அதனால் ஹோட்டல் நடத்துகிறவர்களிடம் மூன்றே மூன்று கேட்கிறேன். ஜன்னலோரம் ஒருத்தர் உட்காரும் அளவில் சின்ன டேபிள் ஒன்றிரண்டு போடுங்கள். மேஜைக்கு அடியில் கைப்பை மாட்ட ஒரு கொக்கி வையுங்கள், பையை மடியில் வைத்துக்கொண்டு சாம்பார் இட்லி சாப்பிட முடிவதில்லை. மெனுவில் அரை பிளேட் போடுங்கள், முக்கால் விலை வாங்கினாலும் சரி.

இதுவரை தனியாகப் போய்ச் சாப்பிட்டதில்லை என்கிற பெண்களுக்கு: முதல் தடவை என்றால் மத்தியானக் கூட்டம் வேண்டாம். காலை பதினொரு மணி, அல்லது சாயங்காலம் நாலு மணிக்குப் போங்கள். சர்வர்களுக்கும் அப்போது நேரமிருக்கும், எந்த டேபிள் கேட்டாலும் கிடைக்கும். கையில் போனை வைத்துக்கொண்டு அதற்குள் ஒளிந்துகொள்ளாதீர்கள், தெருவைப் பாருங்கள். வீட்டில் எல்லாருக்கும் பிடிக்கும் என்று இத்தனை நாள் ஆர்டர் செய்ததை விட்டுவிட்டு, உங்களுக்குப் பிடித்தது எதுவோ அதைச் சொல்லுங்கள். மயிலாப்பூர் மெஸ்களுக்கு மட்டும் காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், தாமதமானால் வடை தீர்ந்துவிடும்.